1,350 மணி நேரம் வாசித்தும் ஏன் வரவில்லை?

கேள்வி: எனக்கு 34 வயது. மூன்று வருடமாகக் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன். தினமும் ஒன்றரை மணி நேரம், வருடத்தில் 300 நாளாவது உட்கார்ந்துவிடுவேன். பத்து நிமிடம் ஸ்கேல் (ஸ்வர வரிசை), பிறகு கையிலிருக்கும் இரண்டு பாடல்களை முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்ப வாசிப்பேன். தவறினால் மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதத்துக்கு முன் வகுப்பில் சேர்ந்த ஒருவர் என்னைத் தாண்டிவிட்டார். நான் மூன்று மாதமாகப் போராடும் பாடலை அவர் மூன்று வாரத்தில் வாசிக்கிறார். 10,000 மணி நேரம் உழைத்தால் யாரும் வல்லுநர் ஆகலாம் என்கிறார்கள். என் கணக்கில் அதற்கு இன்னும் 19 வருடம் இருக்கிறது. எனக்குத் திறமை இல்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடட்டுமா? என் ஒன்பது வயது மகளைப் பற்றியும் நீச்சல் பயிற்சியாளர் "இவளுக்கு இயல்பாக வராது" என்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: விட்டுவிடலாமா என்பதற்குப் பிறகு வருகிறேன். திறமை இல்லை என்று தீர்ப்பு எழுதும் முன், போட்ட உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். "தவறினால் மறுபடி முதலிலிருந்து" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64 பார் (தாளச் சுற்று) உள்ள பாடல், பாருக்கு நான்கு தட்டு, நிமிடத்துக்கு 85 தட்டு வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஒருமுறை வாசிக்க மூன்று நிமிடம் ஆகும்; ஒரு மணி நேரத்தில் 20 முறை. இதில் நீங்கள் உண்மையில் தடுமாறும் இடங்களையெல்லாம் சேர்த்தால் நான்கு பார் தேறும். அவற்றைக் கடக்க ஒருமுறைக்கு 11 வினாடி. இருபது முறைக்கும் சேர்த்து நான்கு நிமிடம்கூட ஆகாது. மீதி 56 நிமிடம் ஏற்கெனவே வருவதை வாசிக்கவே செலவாகிறது. இந்த விகிதத்தில் வடிகட்டினால் உங்கள் 1,350 மணி நேரத்தில் கற்றுக்கொள்ளச் செலவானது 90 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் அந்த 11 வினாடியை இருபது முறையும் தவறாகவே வாசித்திருந்தால், விரல் பழகியது தவறைத்தான். சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம். கோணல் கோடும் கைப்பழக்கம்தான். ஒவ்வொரு தவறுக்கும் முதலுக்கே திரும்புவதால் இன்னொரு விளைவும் உண்டு. பாடலின் முன்பாதி மெருகேறிக்கொண்டே போகும், பின்பாதி எப்போதும் பச்சையாகவே நிற்கும்.

இனி அந்த 10,000. ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து அது கிளம்பியது. பெர்லினில் ஓர் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைத் தரம் பிரித்து, இதுவரை தனியாக எத்தனை மணி நேரம் சாதகம் செய்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். மிகச் சிறந்த பத்துப் பேருக்கு 18 வயதுக்குள் சராசரி 7,400 மணி நேரத்தை ஒட்டி இருந்தது. 20 வயதில் 10,000. இது சராசரி மட்டுமே. அந்தப் பத்துப் பேரிலேயே பாதிப் பேர் அந்த வயதில் 10,000ஐத் தொடவில்லை என்று பின்னாளில் எரிக்சனே விளக்கினார். அவர்கள் அப்போது மாணவர்கள்தான். முழுத் தேர்ச்சி பெற்ற கலைஞர்கள் என்று யாரும் சொல்லவில்லை. 2008இல் பிரபலமான ஒரு புத்தகம் இந்த எண்ணை விதிபோல ஆக்கிவிட்டது. ஆகவே 19 வருடக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். அது உங்களை நோக்கிச் சொல்லப்பட்ட எண்ணே கிடையாது.

அப்படியானால் உழைப்புக்கு எவ்வளவு பங்கு? புரூக் மெக்னமாரா உள்ளிட்ட மூவர் 2014இல் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் தெரியும் தேர்ச்சி வித்தியாசத்தில், முறையான பயிற்சியின் அளவால் விளக்க முடிந்தது சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல்சார் விளையாட்டுகளில் 18, படிப்பில் 4. இதைப் பார்த்ததும் "உழைப்பு 21, திறமை 79" என்று படிக்கிறவர்கள் அதிகம். அது பிழையான வாசிப்பு. மிச்சமுள்ள 79இல் எந்த வயதில் ஆரம்பித்தார், ஆசிரியர் எப்படிப்பட்டவர், பயிற்சியின் தரம் என்ன, வேறு என்னென்ன தெரியும் என்பதெல்லாம் கலந்திருக்கின்றன. நினைவிலிருந்து மணிக்கணக்குச் சொல்வதில் வரும் பிழையும் அதற்குள்தான். தவிர, இந்த எண் இரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரே ஆள் பயிற்சியால் எவ்வளவு முன்னேறுவார் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தச் சதவீதம் பதில் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்.

அதற்காகத் திறமை என்று ஒன்றே கிடையாது என்று ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அர்ஜென்டினாவின் 104 சதுரங்க ஆட்டக்காரர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வந்தது. மாஸ்டர் நிலையை ஒருவர் 3,016 மணி நேரத்தில் எட்டினார். இன்னொருவருக்கு 23,608 மணி நேரம் ஆனது. 25,000க்கு மேல் செலவிட்டும் எட்டாதவர்களும் இருந்தார்கள். எட்டு மடங்கு வித்தியாசத்தை உழைப்பு என்ற ஒரு சொல்லால் மூட முடியாது. "முயன்றால் யாராலும் முடியும்" என்று மேடையில் சொல்வது கேட்க இனிமைதான். ஆனால் முயன்றும் முடியாதவரை அது சோம்பேறி ஆக்கிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1980இல் வெளியான ஓர் ஆய்வில் சாதாரண நினைவாற்றல் உள்ள ஒரு கல்லூரி மாணவருக்கு வினாடிக்கு ஒன்று வீதம் இலக்கங்களை வாசித்துக் காட்டினார்கள். ஆரம்பத்தில் ஏழு இலக்கம் வரைதான் திருப்பிச் சொன்னார். இருபது மாதத்தில், சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின், 79 இலக்கம் சொன்னார். அவரை அப்போது பார்ப்பவர்கள் பிறவி மேதை என்றிருப்பார்கள். அவர் ஓட்டப் பந்தயக்காரர். வரும் எண்களைப் பந்தய நேரங்களாக மாற்றி, மூன்றும் நான்குமாகக் கட்டிக்கட்டி வைத்துக்கொண்டார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளை வாசித்ததும் பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். 230 மணி நேரம் கொடுத்தது பொதுவான நினைவாற்றலை இல்லை. எண்ணைக் கையாளும் ஒரு வழியை.

உங்கள் வகுப்பு நண்பருக்கும் இதை வைத்துப் பாருங்கள். எட்டு மாதம் என்பது கீபோர்டில் உட்கார்ந்த காலம். அதற்கு முன் பாடியிருக்கலாம், மிருதங்கமோ டிரம்ஸோ வாசித்திருக்கலாம், ஒரு பாட்டைக் கேட்டதும் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) ஊகிக்கும் பழக்கம் இருந்திருக்கலாம். தாளமும் காதும் ஏற்கெனவே கைவசம் இருந்தால் விரலை மட்டும் பழக்கினால் போதும். நீங்கள் மூன்றையும் ஒன்றாகப் பழக்குகிறீர்கள். அவருக்கு இயல்பாகவே வேகமாகப் பிடிபடுகிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டில் எது என்று அவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எதுவாக இருந்தாலும் உங்கள் பயிற்சியில் மாற்ற வேண்டியது மாறாது.

மாற்ற வேண்டியதைப் பார்ப்போம். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை எடுத்துவிட்டு, இரண்டு பாடல்களில் ஒன்றைப் போனில் பதிவு செய்யுங்கள். பெடல் இருந்தால் ஸ்வரங்களுக்கு இடையில் விழும் ஓட்டை காதில் படாது. வாசித்து முடித்ததும், பதிவைக் கேட்கும் முன்பே, எங்கெங்கே தவறினோம் என்று நோட்ஸில் பென்சிலால் குறியுங்கள். மறுநாள் பதிவைக் கேட்டு வேறு நிறத்தில் குறியுங்கள். இரண்டு குறிகளும் ஒரே இடத்தில் விழுந்தால் காது சரியாக வேலை செய்கிறது, விரல்தான் பின்தங்கியிருக்கிறது. பதிவில் தெரியும் தவறு உங்கள் குறிப்பில் இல்லையென்றால், வாசிக்கும்போது கேட்பதே குறைவு என்று பொருள். அப்படியானால் முதல் இரண்டு வாரம் கொஞ்சமாக வாசித்து நிறையக் கேட்க வேண்டும்.

குறித்த இடங்களில் மோசமான மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பாருக்கு மேல் போக வேண்டாம். முன்னால் ஒரு தட்டும் பின்னால் ஒரு தட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறு கேட்கும் இடத்துக்கு ஒரு தட்டு முன்னால்தான் பெரும்பாலும் அதன் வேர் இருக்கும். வலது கையில் சி மேஜர் ஸ்கேல் ஏறுவதைக் கவனியுங்கள்: கட்டைவிரல் சி, ஆட்காட்டி டி, நடுவிரல் ஈ, மறுபடி கட்டைவிரல் எஃப். பலருக்கு எஃப் மட்டும் தடாலென்று விழும். எஃப்பையே நூறு முறை அடித்தாலும் அது சரியாகாது. ஆட்காட்டி டியில் இறங்கும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நகரத் தொடங்கியிருக்க வேண்டும். பலருக்கு அது ஈ முடியும்வரை வெளியே சும்மா நின்றுவிட்டு, கடைசி நொடியில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலை ஈடுகட்ட முழங்கை வெளிப்பக்கம் தூக்குகிறது, மணிக்கட்டு சாய்கிறது, எஃப் உரக்கக் கேட்கிறது. திருத்த வேண்டியது டியில். உங்கள் மூன்று இடங்களிலும் இப்படி ஒரு 'டி' எங்கோ ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

பிறகு மெட்ரோனோம், அதாவது வைத்த வேகத்தில் தட்டு ஒலிக்கும் கருவி. தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக வாசிக்க முடிகிற வேகம் எது என்று பாருங்கள். 52 என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஐந்து சரியென்றால் 4 கூட்டுங்கள். நான்கு சரியென்றால் அதே வேகத்தில் இருங்கள். மூன்று அல்லது அதற்குக் கீழென்றால் 8 குறையுங்கள். இதில் ஏமாற்று வேண்டாம்: விரல் எண் மாறிப்போய் ஸ்வரம் மட்டும் சரியாக விழுந்தால் அதுவும் தவறுதான். இடக்கை தனியாக 72, வலக்கை தனியாக 72, சேர்த்தால் 60லேயே இடறுகிறது என்றால் விரலை விட்டுவிட்டு, இரண்டு கையும் ஒன்றாக விழும் தட்டுகளை மட்டும் முழங்காலில் தட்டிப் பழகுங்கள்.

மெதுவான பயிற்சியிலும் ஒரு குழி இருக்கிறது. 50 வேகத்தில் விரலை இரண்டு அங்குலம் தூக்கி அடிக்க நேரம் இருக்கும், 85இல் இருக்காது. மெதுவாகப் பழகிய அசைவு வேகத்தில் உதவாமல் போவது இதனால்தான். "70 வரைக்கும் வருது, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மெதுவாக வாசிக்கும்போதும் விரல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. கூடவே, நான்கே நான்கு ஸ்வரத்தை முழு வேகத்தில் வாசித்துவிட்டு நின்று, கையைத் தளரவிட்டு, அடுத்த நான்கு. பின்பு எட்டாகக் கோத்துப் பாருங்கள்.

மூன்று இடங்களையும் சுற்றி வர வேண்டும். ஒன்றில் நான்கு நிமிடம், அடுத்ததில் நான்கு, மூன்றாவதில் நான்கு, மறுபடி முதலாவது. எரிச்சலூட்டும் முறை இது. ஒன்றைப் பிடித்தோம் என்று நினைக்கும்போதே விட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்தால் பாதி மறந்திருக்கும். அந்த மறதியைத் தாண்டி மீட்டெடுப்பதில்தான் அது பதிகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரே வகையை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முதல் கூட்டம் 20க்கு விழுந்தது, கலந்து செய்தவர்கள் 63இல் நின்றார்கள். கணக்கும் கீபோர்டும் ஒன்றில்லைதான். ஆனால் பயிற்சியின்போது சரளமாக வருவதைக் கற்றுவிட்டதாக எண்ணி ஏமாறுவது இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கிறது.

ஒன்றரை மணி நேரத்தை ஒரே மூச்சாகப் போடாமல் காலையில் 35 நிமிடம், மாலையில் 35 நிமிடம் என்று உடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நிமிடம் சோதனை, 24 நிமிடம் அந்த மூன்று இடங்கள் இரண்டு சுற்று, கடைசி ஆறு நிமிடம் அவற்றை முன்பின் பார்களோடு ஒட்டுவது. மீதி 20 நிமிடம் உங்களுடையது. ஆசைப்பட்டதை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள், தவறினால் நிற்காதீர்கள். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு விசைப்பலகை கற்பித்தபோது (இது வேறு கீபோர்டு) தினம் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு எழுத்துகள் பிடிபட ஏறக்குறைய 35 மணி நேரம் போதுமாக இருந்தது. தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு 50 மணி நேரம் தேவைப்பட்டது. 1978இல் வந்த ஆய்வு இது. நாள் கணக்கில் பார்த்தால் நான்கு மணி நேரக்காரர்கள்தான் முன்னால் முடித்தார்கள், ஆகவே ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் மனக்குறை.

அந்த முதல் ஐந்து நிமிடச் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். கை சூடேறும் முன், ஸ்கேல்கூட வாசிக்காமல், ஒவ்வோர் இடத்தையும் நேற்று முடித்த வேகத்தில் ஐந்து முறை வாசித்து, எத்தனை சரி என்று நோட்டில் எழுதுங்கள். தேதி, இடம், வேகம், ஐந்துக்கு எத்தனை. நான்கு பத்தி போதும். நேற்று இரவு 76இல் வந்தது இன்று காலை 60இல் தடுமாறினால், உங்கள் உண்மையான வேகம் 60தான். இரவில் முடிக்கும்போது கிடைக்கும் எண்ணை நம்பினால் மூன்று வருடம் ஏமாறலாம்.

பாடல் தேர்வும் சரியா என்று பாருங்கள். புதுப் பாடலைப் பாதி வேகத்தில் முதன்முறை வாசிக்கும்போது ஐந்தில் நான்கு பாராவது ஓரளவு ஓட வேண்டும். எல்லாப் பாரிலும் முட்டுகிறது என்றால் அது உங்கள் நிலைக்கு இரண்டு படி மேலே. மூன்று மாதம் ஒரே பாடலில் இருப்பவர்களுக்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

உடம்பு விதிக்கும் எல்லைகள் உண்மையானவை, ஆனால் சிலவே. முழு அளவுக் கீ உள்ள கீபோர்டில் ஓர் ஆக்டேவின் (ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை) தூரம் 16.5 சென்டிமீட்டர். அதற்கு மேல் விரியாத கையை உழைப்பு நீட்டாது. அந்தக் கார்டைக் கலைத்து வாசிப்பதோ ஒரு ஸ்வரத்தை விடுவதோதான் வழி. சுருதி வேறுபாடே கேட்காத காது மிக அபூர்வம். நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டில் ஒரு ஸ்வரத்தை மாற்றி யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். சட்டென்று முகம் சுளித்தீர்கள் என்றால் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 34இல் ஆரம்பித்து மேடைக் கச்சேரிப் பியானோ கலைஞர் ஆவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரப் பாடல்களைச் சுத்தமாக, கேட்பவர் ரசிக்க வாசிப்பது அப்படிப்பட்டது இல்லை. வலி வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்துங்கள்.

இப்போது விட்டுவிடலாமா என்ற கேள்வி. பன்னிரண்டு வாரம் அந்த நோட்டை எழுதிவிட்டு, சோதனை வேகங்களை ஒரு வரைபடமாகப் போடுங்கள். கோடு ஏறினால், எவ்வளவு மெதுவாக ஏறினாலும், உங்களுக்கு வருகிறது. நான்காம் வாரத்தோடு படுத்துவிட்டால் ஒரு படி எளிய பாடலுக்கு இறங்கி இன்னும் நான்கு வாரம் பாருங்கள். அதுவும் ஏறவில்லையென்றால் வேறோர் ஆசிரியரிடம் ஒரே ஒரு வகுப்பு கேட்டு, அந்த மூன்று இடங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். விரலமைப்பிலோ உட்காரும் உயரத்திலோ உள்ள கோளாறு பழக்கப்பட்ட கண்ணுக்குத் தப்பிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கோடு அசையாமல், அந்த 20 நிமிடமும் சுமையாகத் தோன்றினால் தாராளமாக விடுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

மகள் விஷயம். ஒன்பது வயதில் ஒரே பிரிவில் நீந்தும் இரண்டு குழந்தைகளுக்கு இடையில் பதினொரு மாத வித்தியாசம் இருக்கலாம்; அந்த வயதில் அது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 தான் எல்லை. அங்கே ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிட மிக அதிகம் என்று 1985இல் வந்த ஆய்வு காட்டியது. சிறு வயதில் திறமை என்று தேர்ந்தெடுத்ததில் ஒரு பகுதி பிறந்த மாதம். அதனால் அவள் பிரிவில் யார் எந்த மாதம் பிறந்தவர்கள் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரே குளத்தில், நாளின் ஒரே நேரத்தில், 25 மீட்டருக்கு ஆகும் வினாடியையும் கை வீச்சுகளின் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். நேரம் குறையாவிட்டாலும் வீச்சு 28இலிருந்து 24க்கு இறங்கினால் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எது வரவில்லை? மூச்சு திருப்புவதா, கால் உதைப்பா, கை நீரைப் பிடிப்பதா?" ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அவரிடமே தொடருங்கள், அதில் வேலை செய்ய முடியும். "பொதுவாகவே வராது" என்றுதான் பதில் வந்தால், வேறு பயிற்சியாளரிடம் ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள்.